நாணய ஸ்லாப் படிப்பது எப்படி: பெயர் மங்கிப்போன தரமிடும் நிறுவனங்கள்

பழைய தங்கத்தை நகைக்கடையில் கொடுத்தால் உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார்கள், அமிலம் தொட்டுப் பார்ப்பார்கள், மாற்று சொல்லிவிடுவார்கள். இப்போது அதற்கு எக்ஸ்-ரே மெஷின் இருக்கிறது. யார் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். பழைய நாணயத்தின் தரத்துக்கு அப்படி ஓர் உரைகல் கிடையாது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மினுமினுப்பு மிச்சம் இருக்கிறதா, யாராவது கழுவித் தேய்த்தார்களா என்பதையெல்லாம் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விற்பவர் 'புத்தம்புதுக் காசு' என்பார். வாங்குபவர் 'கழுவின காசு' என்பார். இருவரையும் சேராத மூன்றாம் ஆள் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு பார்த்து, ஓர் எண்ணைச் சொல்லி, காசைத் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடித் தருவதைத்தான் தரமிடும் சேவை என்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்லாப்.

இந்தத் தொழில் வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே இன்று பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு பெயர்கள்தான் எல்லோர் வாயிலும். ஆனால் ஏலப் பட்டியலையோ பழைய சேகரிப்பு ஒன்றையோ புரட்டினால் அனாக்ஸ், இன்சாப், என்.சி.ஐ., ஏ.சி.ஜி., பி.சி.ஐ., ஹால்மார்க், காம்ப்யூகிரேட், எஸ்.இ.ஜி.எஸ்., ஐ.சி.ஜி. என்று வேறு பல பெயர்களும் கண்ணில் படும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். 'சீல் வைத்த காசு, எண் போட்டிருக்கு' என்று நம்பி முழு விலை கொடுப்பது ஒன்று. 'தெரியாத கம்பெனி, எல்லாம் குப்பை' என்று நல்ல காசை ஒதுக்கிவிடுவது இன்னொன்று. பெட்டிக்குள் வைத்த சீட்டில் உள்ள எண் எந்த வருடத்தில், எந்த அளவுகோலில், எந்தத் தேவைக்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால் இரண்டு இழப்பையும் தவிர்க்கலாம். அதற்காகத்தான் இந்த வரலாறு.

எண் எங்கிருந்து வந்தது

1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவின் பழைய பெரிய செம்புச் சென்ட் நாணயங்களுக்காக உருவாக்கினார். முதலில் அது விலைக் கணக்குதான். அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் இருந்தால் எழுபது டாலர். அந்த விலை விகிதம் சீக்கிரமே செல்லாமல் போனது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன, பிறகு மற்ற எல்லா நாணயங்களுக்கும் பரவின. 70 என்ற விசித்திரமான உச்ச எண்ணுக்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இன்றைய நிலையில் 1 முதல் 58 வரை புழங்கிய காசு. 60 முதல் 70 வரை புழங்காத காசு, அதாவது நாணயச்சாலையிலிருந்து வந்தபின் கைமாறித் தேயாதது. இந்த இரண்டாம் வகையை எம்.எஸ்., அதாவது மின்ட் ஸ்டேட், என்று குறிப்பார்கள். 58க்கும் 60க்கும் நடுவில் உள்ள கோடுதான் இந்தத் தொழிலின் முக்கால்வாசிச் சண்டைக்குக் காரணம். 1884இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த மோர்கன் டாலர் என்ற வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த நிலையில் அது எளிதாகக் கிடைக்கும், வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். புழங்காத நிலையில் மிக அரிது, பல ஆயிரம் டாலர் பேசும். இரண்டுக்கும் நடுவே இருப்பது தலைப்பக்கத்தில் உள்ள லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் காதுக்கு மேலுள்ள முடியிலும், கன்னத்திலும், பின்பக்கக் கழுகின் மார்பிலும் ஒரு மெல்லிய உரசல்தான்.

அந்த உரசலைப் பிடிப்பது எப்படி என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மேஜை விளக்கு ஒன்று, 5 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, காசை விளிம்பில் பிடித்து விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத வெள்ளிக் காசில் ஒளி, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலக் காசின் மேல் சுற்றிவரும். அச்சில் உலோகம் அழுத்தப்பட்டு வெளிநோக்கி ஓடும்போது பதிந்த நுண்ணிய கோடுகளால் வருவது அது. காசு கைமாறும்போது முதலில் போவதும் இந்தக் கோடுகள்தான். ஆரக்கால் ஒளி மேடான இடங்களில் அறுபட்டு, அங்கே மட்டும் மந்தமான சாம்பல் நிறம் தெரிந்தால் தேய்மானம். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் மோர்கன்களில் காதுக்கு மேல் முடி பல சமயம் தட்டையாகவே இருக்கும், ஆனால் அந்தத் தட்டையான இடத்திலும் ஒளி ஓடும். அது அச்சு சரியாக விழாததால் வந்தது, தேய்மானம் இல்லை. தரமிடுபவரின் வேலையில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைப் பார்ப்பதுதான். இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும்.

காகிதச் சான்றிதழ் காலம்

மூன்றாம் ஆள் முதலில் வந்தது தரம் சொல்ல இல்லை, போலியைப் பிடிக்க. 1960களிலும் 70களிலும் அச்சில் அடித்த போலித் தங்க நாணயங்கள் சந்தையில் குவிந்தன. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு எழுத்தை ஒட்டவைத்து, அரிய காசாகக் காட்டிய சாதாரணக் காசுகளும் ஏராளம். இதைச் சமாளிக்க அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் வாஷிங்டனில் தொடங்கிய சேவைதான் அனாக்ஸ். அசலா, போலியா என்று மட்டும் சொல்வார்கள். 1976இல் அது சங்கத்தின் தலைமையிடமான கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போனது. அதன் முதல் இயக்குநர் சார்ல்ஸ் ஹாஸ்கின்ஸ் வாஷிங்டனிலேயே தங்கி, இன்சாப் என்ற இன்னொரு சேவையை நடத்தினார். இன்று இன்சாப்பின் பெயரைக் கேட்டால் பழைய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கூலிக்குத் தரம் பார்த்துச் சொன்ன முன்னோடிகளில் அதற்கும் இடம் உண்டு.

அசலைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்த சோதனைகள் இன்றும் வீட்டிலேயே செய்யக் கூடியவை. மோர்கன் டாலர் 90 சதவீத வெள்ளி, 10 சதவீதச் செம்பு. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். இந்தக் கலவையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.3. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு 2.6 கிராம் அளவுக்குக் காட்ட வேண்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். 3 கிராமுக்கு மேல் காட்டினால் உள்ளே வெள்ளி இல்லை. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் கூடும், ஆகவே நனைத்து ஒருமுறை உதறிவிட்டுத் தொங்கவிட வேண்டும். தேய்ந்த காசு 26.73ஐவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு, ஒப்படர்த்தி மட்டும் மாறாது. ஒட்டவைத்த எழுத்துக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு 10 மடங்கு லென்ஸில் எழுத்தின் அடி காசோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அச்சில் எழும்பிய எழுத்தின் ஓரம் காசின் பரப்போடு சேர்ந்தே வளர்ந்திருக்கும், ஒட்டியதில் மயிரிழைக் கோடு தெரியும்.

1979 மார்ச்சில் அனாக்ஸ் தரமும் சொல்லத் தொடங்கியது. காசு பெட்டிக்குள் போகவில்லை. இரண்டு பக்கத்தின் புகைப்படம் ஒட்டிய ஒரு காகிதச் சான்றிதழ் தனியாக வரும், காசு தனியாக வரும். தலைப்பக்கத்துக்கு ஓர் எண், பின்பக்கத்துக்கு ஓர் எண் என்று 63/65 போலப் பிரித்துப் போடுவார்கள். இந்த வழக்கம் போய்விட்டதில் எங்களுக்கு உண்மையான வருத்தம். ஒரு பக்கம் அடிபட்டு மறுபக்கம் பளிச்சென்று இருக்கிற காசுக்கு ஒற்றை எண்ணைவிட அது நேர்மையான விவரம்.

அந்தக் காகிதத்தை இன்று பார்த்தால் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, இந்தச் சான்றிதழ் இந்தக் காசுக்குத்தானா என்பது. காசும் காகிதமும் தனித்தனியாக இருந்ததால் நல்ல காசுக்கு வாங்கிய சான்றிதழை மட்டமான காசோடு சேர்த்து விற்பது சுலபம். புகைப்படத்தில் மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள்: கன்னத்தில் ஒரு வெட்டு, முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஒரு கீறல், விளிம்பில் ஒரு தழும்பு. மூன்றும் அதே இடத்தில், அதே கோணத்தில் காசில் இருக்க வேண்டும். காசில் புதிதாக ஒரு அடி இருக்கலாம், படத்துக்குப் பிறகு விழுந்திருக்கும். படத்தில் இருந்த அடி காசில் இல்லை என்றால் அது வேறு காசு.

இரண்டாவது, சான்றிதழின் தேதி. சங்கத்தின் தர விதிகள் 1970களின் பிற்பகுதியில் முதலில் வந்தபோது புழங்காத காசுக்கு 60, 65, 70 என்று மூன்று படிகள்தான் இருந்தன. பிறகு 63உம் 67உம் சேர்ந்தன. 60 முதல் 70 வரை பதினோரு எண்களும் அங்கீகாரம் பெற்றது 1986இல். மூன்றே படி இருக்கும் காலத்தில் 'சாதாரணத்தைவிட நல்லது' என்று தோன்றிய காசெல்லாம் 65இல் போய் விழும். 1980களின் நடுவில் சந்தை கறாரானதும் அதே காசை 63 அல்லது 64 என்றுதான் மதிப்பிட்டார்கள். 1980ஆம் ஆண்டுச் சான்றிதழில் 65 என்று இருந்தால் அதை எழுதியவர் தவறு செய்ததாகவோ ஏமாற்றியதாகவோ நினைக்க வேண்டாம். அது அன்றைய 65. இன்றைய 65 விலையை அதற்குக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு.

இதே காலத்தில் டல்லஸில் என்.சி.ஐ. என்ற சேவை புகைப்படச் சான்றிதழ் தந்தது. அதை நடத்தியது ஹெரிட்டேஜ் என்ற பெரிய நாணய வணிக நிறுவனம். மூன்றாம் ஆள் என்ற சொல்லின் எல்லை இங்கேதான் மங்குகிறது. தரம் சொல்பவர் எவருக்குச் சொந்தம், அந்தக் காசை விற்பதில் அவருக்கு லாபம் உண்டா என்பது எந்தச் சான்றிதழைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்டி வந்தது

கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் காசை வைத்து விற்பது தரமிடும் நிறுவனங்களின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் துறை, கருவூலத்தில் மிஞ்சியிருந்த கார்சன் சிட்டி நாணயச்சாலையின் வெள்ளி டாலர்களை 1972 முதல் அப்படித்தான் விற்றது. அந்தப் பெட்டியில் எண் தரம் கிடையாது. 1976 ஜனவரியில் நெவாடாவின் ரீனோ ஊர்க்காரர் லாவியர் ரெட்ஃபீல்டு விட்டுப்போன நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் 73 லட்சம் டாலருக்கு மொத்தமாக ஏலம் போயின. அதில் ஒரு பகுதியைப் பாரமவுண்ட் என்ற வணிக நிறுவனம் 'மின்ட் ஸ்டேட் 65', 'மின்ட் ஸ்டேட் 60' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு விற்றது. பெட்டியும் எண்ணும் ஒன்றாகச் சேர்ந்தது அங்கேதான், ஆனால் எண்ணைப் போட்டவரும் விற்றவரும் ஒருவரே.

1984இல் ஆலன் ஹேகர் தொடங்கிய அக்குகிரேட், அதாவது ஏ.சி.ஜி., தரமிட்ட காசை மூடிய பெட்டியில் வைத்துத் தந்தது. ஸ்லாபைக் கண்டுபிடித்தது பி.சி.ஜி.எஸ். என்று பலர் எழுதுகிறார்கள். பி.சி.ஜி.எஸ். கலிபோர்னியாவில் வேலையைத் தொடங்கியது 1986 பிப்ரவரியில். அது கொண்டுவந்த புதுமை பிளாஸ்டிக் இல்லை, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நின்ற பணம். தரம் தவறு என்று தெரிந்தால் ஈடு செய்வோம் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் காசைப் பார்க்காமலே இன்ன விலைக்கு வாங்குகிறோம் என்று வணிகர்கள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஜான் அல்பனீஸ் நியூ ஜெர்சியில் என்.ஜி.சி.யைத் தொடங்கினார். பார்க்காமலே வாங்கும் ஆள் இருக்கிற எண்ணுக்கும் இல்லாத எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் மற்ற எல்லா நிறுவனங்களையும் இரண்டாம் வரிசைக்குத் தள்ளியது. அவர்களில் எல்லோரும் தரம் பார்க்கத் தெரியாதவர்கள் என்பது காரணம் இல்லை. மாசசூசெட்ஸில் இருந்த ஹால்மார்க், கறாரான தரத்துக்குப் பெயர் வாங்கியும் தாக்குப்பிடிக்கவில்லை.

பிறகு சிறிய நிறுவனங்கள் பிழைத்தது எப்படி? பெரியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை எடுத்துக்கொண்டு.

கழுவிய காசு, கீறிய காசு, துளையிட்டு அடைத்த காசு ஆகியவற்றுக்குப் பெரிய நிறுவனங்கள் நீண்ட காலம் எண்ணே தரவில்லை. கட்டணத்தை எடுத்துக்கொண்டு, காசைச் சாதாரண உறையில் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அரிய காசுகளில் பாதி ஏதாவது ஒரு குறையோடுதான் இருக்கும். 1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த மோர்கன் ஒரு லட்சம்தான், அதைக் கழுவியிருந்தால்கூட அசல் என்று எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அனாக்ஸ் 1989இல் தன் சொந்த ஸ்லாபைக் கொண்டுவந்து, 1990இல் ஆமோஸ் பிரஸ் என்ற பதிப்பக நிறுவனத்துக்குக் கைமாறியபின், இந்த வேலையில் நல்ல பெயர் எடுத்தது. அதன் சிறிய வெள்ளைப் பெட்டியின் சீட்டில் 'எக்ஸ்.எஃப். 45 விவரம், கழுவியது, நிகரம் வி.எஃப். 30' என்ற முறையில் இருக்கும். எக்ஸ்.எஃப்., வி.எஃப். என்பவை புழங்கிய காசின் தரப் படிகளின் பெயர்கள். தேய்மானம் மட்டும் பார்த்தால் 45, குறையைக் கழித்தால் 30 என்று விலை பேசு என்பது அதன் பொருள். டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் இருந்த பி.சி.ஐ. இதையே நிறத்தால் சொன்னது: நல்ல காசுக்குப் பச்சைச் சீட்டு, குறையுள்ளதற்குச் சிவப்புச் சீட்டு. விற்பவர் 'பி.சி.ஐ. 55' என்று மட்டும் சொல்லிச் சீட்டின் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் படம் கேளுங்கள்.

இன்னொரு பிடிமானம் அச்சு வகைகள். ஒரே வருடம், ஒரே நாணயச்சாலை மோர்கனிலும் எந்த அச்சில் அடித்தது என்பதைப் பொறுத்துப் பல வேறுபாடுகள் உண்டு. வான் ஆலன், மாலிஸ் என்ற இருவர் அவற்றைப் பட்டியலிட்டதால் அவர்கள் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து வாம் எண் என்பார்கள். இந்த எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதுவதில் அனாக்ஸும், லாரி பிரிக்ஸின் எஸ்.இ.ஜி.எஸ்.ஸும் பேர்பெற்றவை. அச்சு வகை சேகரிப்பவருக்கு இவற்றின் பழைய பெட்டி இன்றும் மதிப்புள்ள பொருள்தான்.

1990ஐ ஒட்டி, கணினியை உரைகல் ஆக்கும் முயற்சியும் நடந்தது. பி.சி.ஜி.எஸ். மோர்கன் டாலர்களுக்கு மட்டும் ஒரு கணினி முறையை வைத்துப் பார்த்துக் கைவிட்டது. காம்ப்யூகிரேட் 64.2, 64.7 என்று தசமத்தில் தரம் போட்டுப் பெட்டி விற்றது. அந்தப் பெட்டிகள் இப்போது அரிது. கேமரா அடிகளை எண்ணிவிடும். எந்த அடி கன்னத்தின் நடுவில் கண்ணை உறுத்துகிறது, எது முடிக்குள் மறைந்துவிடுகிறது, காசின் மேல் படர்ந்த நீலம் காலத்தால் வந்ததா அடுப்பில் வைத்து வரவழைத்ததா என்பதைச் சொல்ல அன்றைய கணினிக்கு வழியில்லை. சந்தைக்கும் தசமம் தேவைப்படவில்லை. விலைப்பட்டியல் 64க்கும் 65க்கும்தான் இருந்தது, 64.7க்கு இல்லை.

1998இல் கொலராடோவில் வந்த ஐ.சி.ஜி. பிறகு ஃபுளோரிடாவுக்கு மாறியது. அனாக்ஸ் டெக்சஸ் வழியாகக் கொலராடோவுக்கே திரும்பிவிட்டது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. பி.சி.ஐ.யை வர்ஜீனியா வணிகர் ஒருவர் வாங்கி டி.ஜி.எஸ். என்று பெயர் மாற்றினார், அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோனது. அமெரிக்காவுக்கு வெளியே இரண்டு மட்டும் நினைவில் இருந்தால் போதும். டொரன்டோவில் 1986இல் தொடங்கிய ஐ.சி.சி.எஸ்., கனடா நாணயங்களுக்கு மதிக்கப்படும் பெயர். அது கடினப் பெட்டி தராமல் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சீட்டோடு தருகிறது. பிரிட்டனின் சி.ஜி.எஸ். 70ஐ விட்டுவிட்டு 100 வரை எண் போட்டது. அதன் சீட்டில் 78 என்று பார்த்து 'எழுபதுக்கு மேலா' என்று திகைக்க வேண்டாம், அளவுகோலே வேறு.

கையில் ஒரு பழைய ஸ்லாப்

முதலில் பெட்டியைப் பாருங்கள், காசை அப்புறம். இரண்டு ஓடுகளையும் மீயொலி அதிர்வில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். சுற்றுத் தையல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வெண்மை பூத்திருந்தாலோ, பசை கசிந்து மஞ்சளாகி இருந்தாலோ யாரோ திறந்து வேறு காசை வைத்திருக்கலாம். சீட்டில் உள்ள வருடம், நாணயச்சாலை எழுத்து, மதிப்பு மூன்றையும் காசோடு ஒப்பிடுங்கள். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் தவறான சீட்டு வைத்த பெட்டிகள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. சீட்டின் பதிவு எண்ணை நிறுவனத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். மூடிப்போன நிறுவனத்துக்குத் தேடும் இடமே இருக்காது, அதன் உத்தரவாதமும் அதோடு முடிந்தது.

பிறகு எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீங்களே தரம் போடுங்கள். பிளாஸ்டிக்கில் உள்ள கீறல் காசின் கீறல் போல ஏமாற்றும். ஸ்லாபைச் சாய்க்கும்போது காசைவிட்டு விலகி நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கின் கீறல், காசோடு ஒட்டியே நின்றால் காசினுடையது. கழுவிய அடையாளம் வேறு மாதிரி இருக்கும்: ஒரே திசையில் ஓடும் நெருக்கமான மெல்லிய கோடுகள், குறிப்பாக எழுத்துகளைச் சுற்றிய வெற்றிடத்தில். எழுத்துகளின் இடுக்கில் அழுக்கு தங்கி மற்ற இடமெல்லாம் வெளிறிப் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உங்கள் எண்ணும் சீட்டின் எண்ணும் ஒத்துவந்தால், பெட்டியின் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் உங்கள் எண்ணின் விலையைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பழக்கம், 58/60 கோட்டுக்கு அருகில் இருக்கும் காசுக்கு 58இன் விலைக்கு மேல் போவதில்லை.

மூடிய பெட்டிக்குள் காசு பத்திரம் என்பதும் பாதி உண்மைதான். மீயொலித் தையல் காற்றை முழுதாகத் தடுப்பதில்லை. காசைச் சுற்றி வைத்த பொருளில் கந்தகம் இருந்தால் வெள்ளி நிறம் மாறும். பி.சி.ஐ.யின் பழைய பச்சைச் சீட்டுப் பெட்டிகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மஞ்சள், ஊதா, நீலம் என்று படர்ந்த காசுகளை நிறையப் பார்க்கலாம். அந்த நிறத்துக்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்லாபுக்குள் இருந்தால் எடை போடவும் தண்ணீரில் தொங்கவிடவும் முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. போலிக் காசை வைத்த போலி ஸ்லாப்கள் வந்த பிறகு இது சிறிய விஷயம் இல்லை.

வேறு பெட்டிக்கு மாற்றுவது

காசு சீட்டுக்குத் தகுந்ததாக இருந்தும் நிறுவனத்தின் பெயரால் விலை வரவில்லை என்றால் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பலாம். இரண்டு வழி. பெட்டியோடு அனுப்பி, 'இந்த எண்ணுக்குக் குறைந்தால் திறக்க வேண்டாம்' என்று குறைந்தபட்சத் தரத்தை எழுதுவது ஒன்று. எண் வராவிட்டால் காசு பழைய பெட்டியிலேயே திரும்பும், கட்டணம் மட்டும் போகும். எந்தெந்த நிறுவனத்தின் பெட்டிகளை இப்படி ஏற்கிறார்கள் என்பதைப் படிவம் நிரப்பும் முன் பாருங்கள், எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்பதில்லை. கட்டணம், இருவழித் தபால், காப்பீடு மூன்றையும் கூட்டி, ஒரு படி ஏறினால் கிடைக்கும் விலை வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். 1881 சான் ஃபிரான்சிஸ்கோ மோர்கன் போல எங்கும் கிடைக்கிற காசுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது சட்டவிரோதம், தரம் போட்டுத் திரும்பி வரப்போகிறது என்றாலும்கூட. ஐந்தாம் ஜார்ஜின் உடையில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் 'பன்றி ரூபாய்' என்று பெயர் பெற்ற 1911ஆம் ஆண்டு ரூபாயும் இதில் அடக்கம். நூறு ஆண்டுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் நகர்ந்துகொண்டே வரும் என்பதால் சென்ற ஆண்டு அனுப்பக்கூடியதாக இருந்த காசு இந்த ஆண்டு அப்படி இல்லாமல் போகலாம்.

இரண்டாவது வழி, பெட்டியை உடைத்துக் காசை வெறுமனே அனுப்புவது. ரெட்ஃபீல்டு பெட்டி, காம்ப்யூகிரேட், ஆரம்ப கால ஏ.சி.ஜி. போன்றவற்றை உடைக்காதீர்கள், பெட்டியையே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவற்றுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, தடித்த துண்டில் ஸ்லாபைச் சுற்றி, காசுக்குத் தூரமான மூலையைக் கட்டிங் பிளேயரால் கடித்துத் திருகுங்கள். தையல் 'சட்' என்று விடும். நான்கு மூலையும் விட்ட பிறகுதான் ஓட்டைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் நெம்பினால் பிளாஸ்டிக் சில்லு கன்னத்தில் ஒரு கோடு போட்டுவிடும், 64 அங்கேயே 62 ஆகிவிடும். கீழே மெத்தென்ற துணி இருக்கட்டும், காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பச்சையாகப் பிசுபிசுப்பு ஏதாவது இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் காற்றில் உலரவிடுங்கள். இதை அடுப்புக்கு அருகில் செய்யவே கூடாது. உடைத்த கையோடு எடையும் ஒப்படர்த்தியும் பார்த்து, பழைய சீட்டின் பின்புறம் பென்சிலால் குறித்து, சீட்டைக் காசோடு சேர்த்தே வையுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்பது அதைத்தான்.